மண்டூரில் மாமி குடித்த தண்ணீர்

தாகம் எடுத்தால் மாமி வீட்டுக்கு மட்டும் போகக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், எல்லோருக்கும் தெரிந்த விசயம். தண்ணீர் தரமாட்டார் என்பதில்லை. தருவார், தாராளமாகத் தருவார். ஆனால் ஒரு கோப்பை கேட்டால் நான்கு கோப்பை வரும். நான்கும் நான்கு விதமாக வடித்தவை. நான்கையும் குடித்து, எது எதில் வடித்தது, எது நல்லது, ஏன் நல்லது என்று சொன்ன பிறகுதான் வந்த காரியத்தைப் பேசலாம். தேங்காய்த் திருவலை இரவல் கேட்கப் போனவர்கள் திருவலையை மறந்து, வயிறு ஊதித் திரும்பியிருக்கிறார்கள்.

மாமி எனக்குச் சொந்த மாமி அல்ல. ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மாமி, தச்சு வேலை செய்யும் மாமா, ஒரே மகள் கலா. இந்தப் பக்கம், ஊர்த் தபாற்கந்தோரில் முத்திரை விற்றுக்கொண்டிருந்த நான். சண்டை நின்று நின்று நடந்துகொண்டிருந்த காலம். மற்ற வீடுகளில் காலையில் வேலியால் எட்டிப் பார்த்து, ராத்திரி எங்கே சத்தம் கேட்டது என்று விசாரிப்பார்கள். மாமி விசாரிப்பது வேறு.

"புள்ள, இண்டைக்கு என்னத்தால வடிச்ச?"

வடிக்கவில்லை என்று சொல்லும் துணிவு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. "துணியால மாமி" என்பேன். "ம்" என்பார். அந்த ஒரு 'ம்'மில் என் குடும்பம் முழுவதற்கும் சாவீடு நடந்து முடிந்துவிடும்.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. நடுவில் மாட்டிக்கொண்ட எங்கள் கிணறுகள் இரண்டு பக்கத்தையும் பகைக்காமல் நடந்துகொள்ளும். மழைக்குச் சேறு, வெயிலுக்கு உப்பு. ஊர் அதைக் குடித்தே பிள்ளை பெற்றது, பேரப்பிள்ளை கண்டது. மாமியால்தான் அதைச் சும்மா விட முடியவில்லை.

அவர் வீட்டு விறாந்தையில், சாய்மனைக்கதிரை இருக்கவேண்டிய இடத்தில் வடிகள் இருந்தன. எல்லாவற்றிலும் பெரியவர் 'முட்டியார்'. மாமா செய்துகொடுத்த மரத்தாங்கியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிற்கும் மூன்று மண்முட்டிகளுக்கு மாமி வைத்த மரியாதைப் பெயர் அது. மேல் முட்டியில் கழுவிய ஆற்றுமணல், நடு முட்டியில் சிரட்டைக்கரி. அடியில் ஊசித் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கடைசி முட்டியில் சேரும். காலையில் ஊற்றினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு செம்பு கிடைக்கும். "ருசியெண்டா முட்டியார்தான். ஆனா ஆள் சோம்பேறி" என்பார் மாமி. சொல்லும்போது பட்டறையில் குந்தியிருக்கும் மாமாவின் பக்கம் ஒரு பார்வை போகும்.

அடுத்தது அலுமினியப் பில்டர். இரண்டு அடுக்கு, கீழே குழாய், மேல் அடுக்குக்குள் வெள்ளை வெளேரென்று தண்ணீரை வடிக்கும் இரண்டு பீங்கான் கெண்டில்கள். அது சுத்தம் என்பதில் மாமிக்குச் சந்தேகம் கிடையாது. ருசியில்தான் குறை. "ஆசுபத்திரிச் சோறு மாதிரிக்கா. ஒரு நோவும் வராது, ஒரு சந்தோசமும் வராது." கெண்டிலை உரஞ்சிக் கழுவ ஒரு பல் தூரிகை வைத்திருந்தார். ஒருநாள் மாமா கண் தெரியாமல் அதை எடுத்துப் பல் துலக்கிவிட்டார். மாமி அந்தத் தூரிகையை வேலிக்கு வெளியே எறிந்தார். மாமாவின் பல்லுக்காக அல்ல, கெண்டிலுக்காக.

துணி வடி மாமாவின் வேட்டிகளால் ஆனது. நல்ல வேட்டி எதுவும் அந்த வீட்டில் ஒரு வருடம் தாண்டியதில்லை. நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டிவிடுவார். கோயில் திருவிழாவுக்கு மாமா கட்டி வந்த வேட்டியில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, குடத்தின் வாயளவு வட்டமாகப் பழுப்பு நிறம் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். "துணி என்ன செய்யும்? புழுவப் புடிக்கும். கிருமி உள்ள பூந்து கும்மாளமடிக்கும்" என்பார். பிறகேன் கட்டுகிறீர்கள் என்று கேட்டால், "ஒப்பிட்டுப் பாக்க ஒண்டு வேணுமே?" என்பார்.

மழைக்காலத்தில் தேத்தாங்கொட்டை வரும். முட்டியின் உட்புறத்தில் அதைத் தேய்த்துத் தண்ணீரை ஊற்றினால் சேறெல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர் நிற்கும். இதைத்தான் மாமி அடியோடு நம்பவில்லை. பார்க்க வடிவாக இருக்கிறவர்களை நம்பக்கூடாது என்பது அவருடைய பொதுவான கொள்கை. அகதி முகாமில் கொடுத்த குளோரின் குளிசை மாத்திரைகளும் ஒரு போத்தலில் இருந்தது. அதைப் போட்ட தண்ணீரைக் குடித்தால் நாக்குக்கு நாலு நாள் லீவு கொடுக்கவேண்டும் என்பார்.

மாமாவுக்கு இத்தனையிலும் எது பிடிக்கும் என்று ஒருநாள் கேட்டேன். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "நான் கிணத்தடியில வாளியோட குடிச்சிருவன் புள்ள. சொல்லிப்போடாத" என்றார். எங்கள் ஒழுங்கையிலேயே காய்ச்சல், வயிற்றோட்டம் என்று ஒருநாளும் படுக்காத ஒரே மனிதர் அவர்தான். மாமியோ அதை முட்டியாரின் கணக்கில் எழுதி, ஊர் முழுக்கப் பெருமை பேசித் திரிந்தார்.

உலகத்தில் நடக்கும் எல்லாப் பிழைக்கும் தண்ணீர்தான் காரணம். இது மாமியின் சித்தாந்தம். எனக்குத் தலையிடித்தால் தண்ணீர். முன்வீட்டுக் கோழி முட்டையிடாவிட்டால் தண்ணீர். பக்கத்து ஒழுங்கைப் பெடியன் சோதனையில் தவறியபோது அவன் தாயிடம் போய், "மூளை குறையில்லகா, உங்கட கிணத்தடியில வாழை நிக்குது, அதுதான்" என்று ஆறுதல் சொன்னார். அந்தத் தாய் அழுகையை நிறுத்திவிட்டு மாமியை அடிக்க வந்தாள். கொழும்புக் கடிதங்கள் ஒரு மாதம் பிந்தி வந்த நேரத்தில் என்னிடமே கேட்டிருக்கிறார், "உங்கட போஸ்ட்மாஸ்டர் என்ன தண்ணி குடிக்கிறார்?" என்று.

ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஊரில் ஒரு கதை ஓடியது. இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் அவருக்கு ஒரு பிள்ளை வாந்திபேதியில் தவறிவிட்டதாகவும், அதிலிருந்துதான் இப்படியென்றும். கதை நன்றாகத்தான் இருந்தது, எனக்கும் அழுகை வந்தது. பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன். மாமிக்கு வந்ததே கோபம்.

"எண்ட புள்ள தவறினதெண்டு எந்தக் கழுத சொன்னது? எனக்குக் கலா ஒண்டுதான். நாத்தத் தண்ணி குடிக்க விருப்பமில்ல, அவ்வளவுதான். அதுக்குச் செத்த வீடும் வைக்கணுமா?"

அதோடு ஊர்க்கதையை நான் நம்புவதை விட்டுவிட்டேன். சில பேர் சிலதைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் தேவையில்லை.

கெண்டில் வாங்கக் காத்தான்குடிக்குப் போவது ஒரு பெரிய பயணம். பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், ஆனால் நடுவில் சோதனைச்சாவடி. தனியே போகப் பயம் என்று என்னையும் இழுத்துப்போவார். பயம் என்பதெல்லாம் சும்மா. பார்த்து ரசிக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். பாத்திரக்கடைக்காரக் காக்காவிடம், முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கி, கெண்டிலை அதற்குள் அமுக்கி, அடிக்குழலில் வாயை வைத்துக் கன்னம் புடைக்க ஊதுவார். வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் குமிழி வரும். கடையிலுள்ள அத்தனை கெண்டிலையும் ஊதிப் பார்த்துத்தான் ஒன்றை எடுப்பார்.

"மாமி, கெண்டில் வாங்க வந்தீங்களா, நாதசுரம் வாசிக்க வந்தீங்களா?" என்று காக்கா கேட்பார். சனம் சிரிக்கும். மாமி ஊதிக்கொண்டேயிருப்பார்.

ஒருநாள் அப்படி வாங்கிவந்த கெண்டில்தான் சோதனைச்சாவடியில் பையிலிருந்து வெளியே வந்தது. வெள்ளையாக, குண்டாக, தலை வளைந்து, அடியில் புரி வெட்டிய குழல். பையைக் கிண்டிய ஆமிப் பெடியன் அதைக் கையில் எடுத்ததும் முகம் மாறினான். "மொக்கத மே?" என, இது என்னவென்று சிங்களத்தில் அவன் கத்திய கத்தலில் மற்ற இரண்டு பேர் மண்மூட்டைக்குப் பின்னால் குந்திவிட்டார்கள். பஸ்ஸில் வந்த சனமெல்லாம் பத்தடி பின்னால் போனது. நான் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு முருகா முருகா என்றேன்.

மாமி அவன் கையிலிருந்து கெண்டிலைப் பறித்தார். பறித்தார் என்றால் பறித்தேதான். சாவடி ஓரத்தில் அவர்கள் குடிக்கும் தண்ணீர் வைத்திருந்த வெள்ளைக் கலன் ஒன்று திறந்திருந்தது. அதற்குள் கெண்டிலை அமுக்கிக் குழலில் வாயை வைத்து ஊதினார். குமிழி வரவில்லை. "பாத்தீங்களா?" என்பது போல நிமிர்ந்து சிரித்தார். குமிழி வந்தால் நல்லதா, வராவிட்டால் நல்லதா என்று தெரியாமல் பாவம் அவர்கள் விழித்தார்கள். அப்போதுதான் மாமியின் கண் கலனுக்குள் போனது. உட்புறமெல்லாம் பச்சைப் பாசி.

"இதையா குடிக்கிறீங்க? கழுவ மாட்டீங்களா? வளந்த ஆம்புளயள், கையில துவக்கு, ஒரு கலனக் கழுவத் தெரியாதா?"

அத்தனையும் தமிழ். அவனுக்கு ஒரு சொல் விளங்கியிருக்காது. ஆனால் அந்தத் தொனி விளங்கிவிட்டது. அவன் வீட்டிலும் இப்படிப் பேசுகிற ஒரு பொம்பளை இருந்திருக்கவேண்டும். தலையைச் சொறிந்துகொண்டு போகச் சொன்னான். அதற்குப் பிறகு மாமி பஸ்ஸில் வருவதைக் கண்டால் கலனை மண்மூட்டைக்குப் பின்னால் நகர்த்தி வைப்பார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற சங்கதி. மாமியின் தண்ணீரால் அழுதது ஒரே ஒரு ஆள். அது கலா.

எங்கள் பக்கத்தில் பெண்வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது வழக்கம். போனதும் முதலில் செம்பில் தண்ணீர் வரும். அதை வாங்கிக் குடித்த பிறகுதான் வெற்றிலை வட்டாவில் கை வைப்பார்கள், பேச்சு தொடங்கும். குடிக்காமல் வைத்தால், உங்களோடு எங்களுக்குப் புழக்கமில்லை, நீங்கள் எங்களிலும் குறைந்த ஆட்கள் என்று முகத்தில் அடித்த மாதிரி. இதெல்லாம் மாமிக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் களுவாஞ்சிக்குடியில், கலாவுக்கு வந்த முதல் சம்பந்தம் பேசப் போன இடத்தில், செம்பைக் கையில் வாங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தார். மூக்கருகில் வைத்து மணந்து பார்த்தார்.

"என்னத்தால வடிச்ச?"

"கிணத்துத் தண்ணிதான் அக்கா" என்றாளாம் மாப்பிள்ளையின் தாய்.

மாமி செம்பைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து சொந்தப் போத்தலை எடுத்துத் திறந்து, நிம்மதியாக நாலு மிடறு குடித்துவிட்டு, "இனிச் சொல்லுங்க" என்றாராம். சொல்வதற்கு அங்கே யாரும் இருக்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் வட்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இவர்கள் பஸ்ஸில் ஊர் வந்து சேர்வதற்குள் கதை முன்னால் வந்து சேர்ந்துவிட்டது.

"நான் தண்ணியத்தானே கேட்டன், ஆக்களையா கேட்டன்?" என்று மாமி கடைசிவரை சாதித்தார். அவர் மனதில் கள்ளம் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். களுவாஞ்சிக்குடிக்குத் தெரியுமா? அதற்குப் பிறகு கலியாணம் பேசுகிறவர்கள் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பவேயில்லை. கலா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள், வீட்டுக்கு வந்தாள், பாயில் படுத்தாள். அவளோடு படித்தவர்களெல்லாம் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அவளிடமே வகுப்பில் சேர்க்க வந்தார்கள்.

பிறகு அவளாகவே ஒரு வழி கண்டாள். மட்டக்களப்பில் ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில் மண்டூர்க் கணக்கு வாத்தியார் ஒருவரைப் பிடித்துப்போனது. அவருக்கும் பிடித்திருந்தது. குறுக்கே நின்றது வாவி. மண்டூர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். அந்தக் கரை போராளி இயக்கத்தின் கையில், இந்தக் கரை ஆமியின் கையில். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருக்கவேண்டும். கலாவுக்கென்று மாமா வீடும் கட்டி வைத்திருந்தார். ஆனால் வாத்தியாருக்கு இடமாற்றம் கிடைக்காது. இளம் ஆம்பிளை தினமும் சாவடி தாண்டி வந்து போவது நடக்கிற காரியமும் இல்லை. ஆகவே கலாதான் அங்கே போய் இருக்கவேண்டும்.

இதைக் கேட்ட மாமி மேல் முட்டியைக் கவிழ்த்து மணலைக் கொட்டிக் கழுவத் தொடங்கினார். கழுவிய மணலையே திரும்பவும் கழுவினார். நான் வேலியால் கேட்டேன், "என்ன மாமி, மண்டூர்ச் சம்பந்தம் விருப்பமில்லையா?"

"பெடியன் நல்ல பெடியன்" என்றார். மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அங்கால தண்ணி எப்பிடியோ? சண்ட துடங்கினா ரெண்டு கரைக்கும் போக்குவரத்து நிண்டிரும். அவளுக்கு ஒண்டெண்டா நான் எப்பிடிப் போறது புள்ள?"

அன்றைக்குத்தான் மாமி பயந்து நான் பார்த்தேன். துவக்குக்கு முன்னால் நின்று ஊதியவர்.

மாப்பிள்ளை கேட்டுப் போவதற்கு முதல்நாள் கலா தாயை இருத்திவைத்துச் சத்தியம் வாங்கினாள். நானும் இருந்தேன்.

"அம்மா, அங்க போய் ஒரு கேள்வி கேக்கப்படா. செம்பு தந்தா வாங்கிக் குடிக்கணும். முழுக்க."

"மணந்து பாக்கலாமா?"

"ஏலா."

"ஒள்ளுப்பம், ஒரு கொஞ்சமா, வெளிச்சத்தில புடிச்சிப் பாத்தா?"

"ஏலா அம்மா! இந்தமுறையும் கெடுத்தீங்களெண்டா, இனி இந்த வீட்டில எனக்குக் கலியாணக் கதையே எடுக்கப்படா. இப்பிடியே இருந்திருவன்." மாமி மகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். கலா அதையும் நம்பவில்லை. என்னை வேலிப்பக்கம் கூட்டிப்போய், "அக்கா, நீங்களும் போங்க. வாயத் திறந்தாவெண்டா காலை மிதிச்சிருங்க" என்றாள்.

போனது மாமி, மாமா, மாமியின் அண்ணன், நான். ஆவணி மாதம், கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. குருமண்வெளித் துறையில் ஆமி பையைக் கிண்டி முடித்த பிறகு பாதையில் ஏறினோம். இரண்டு தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்த மிதவை அது. ஆளும் சைக்கிளும் ஆடும் மாடும் ஒன்றாக ஏற்றி வாவியைக் கடக்கும், எங்கள் பக்கத்தில் அதற்குப் பாதை என்றுதான் பெயர். நடு வாவியில் மாமிக்குத் தொண்டை வறண்டு பைக்குள் கையை விட்டார். வாழைப்பழச் சீப்பு வந்தது. பலகாரப் பெட்டி வந்தது. போத்தல் வரவில்லை. கலா காலையிலேயே எடுத்துவிட்டிருந்தாள். மாமி என்னைப் பார்த்தார். நான் வாவியைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை வீடு கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி. தகப்பன் இல்லை. தாயும் மகனும்தான், பேச்சுக்கு ஒரு தாய்மாமன் வந்திருந்தார். தாய் மெலிந்த மனுசி, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். இருங்க என்று பாயை விரித்தார். பித்தளைச் செம்பைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். செம்புக்கு முன்னால் அதன் மணம் வந்துவிட்டது. எனக்கே மூக்கில் ஏறியது. ஆசுபத்திரி வார்டுக்குள் அடுப்பு மூட்டிய மாதிரி ஒரு மணம்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அவர் வாய்க்குள் ஏதோ மந்திரம் ஓடியது.

மாமி செம்பை இரண்டு கையாலும் வாங்கினார். உள்ளே பார்க்கவில்லை. மணக்கவில்லை. அண்ணாந்து ஒரு மிடறு விழுங்கினார். அந்த முகம் எனக்குத் தெரியும். நான்கு கோப்பையை வைத்து ஒவ்வொன்றாக ருசி பார்க்கும்போது வருகிற முகம். நாக்கு உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டாவது மிடறு. நிறுத்தினார். செம்பு பாதியில் நின்றது.

தாய்மாமனின் கை வட்டாவுக்கு மேலேயே நின்றது. மாப்பிள்ளை கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், கணக்குப் பிழைத்த பிள்ளை மாதிரி.

"என்னக்கா, தண்ணி சரியில்லையா?" என்றார் அந்தத் தாய். அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. "நீங்க தண்ணியில கவனமெண்டு கேள்விப்பட்டன். களுவாஞ்சிக்குடிக் கதையும் இஞ்ச வந்தது. எனக்கு நித்திரையில்ல அக்கா. எங்கட கிணறு ஒள்ளுப்பம் மண்ணிறம். தேத்தாங்கொட்ட தேச்சன். மறுகா துணியால வடிச்சன். மணலும் கரியும் போட்டு முட்டியில விட்டன். அதக் கொதிக்கவும் வச்சன், புகை புடிச்சிப்போச்சு. நீங்க குளிசை போட்டதுதான் குடிப்பீங்களெண்டு ஆரோ சொன்னாங்க. இஞ்ச குளிசை கிடையா. ஆசுபத்திரியில போய்க் குந்தியிருந்து வாங்கினன். ஒண்டு போதுமெண்டாங்க. பயத்தில கூடப் போட்டுட்டன். இதக் கொட்டிட்டு வேற தரட்டா?"

கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாமி நான்கு கோப்பையில் தனித்தனியாக வைத்து ஒப்பிட்ட எல்லாவற்றையும் இந்த மனுசி ஒரே செம்புக்குள் இறக்கிவிட்டிருக்கிறார். அதுவும் தலைகீழாக. கரியால் வடித்த பிறகா குளிசை போடுவது? குளிசையைப் போட்டுக் கரியால் வடித்தால் அந்த மணம் போயிருக்கும். அதையாவது மாமியிடமிருந்து நான் படித்திருக்கிறேன். எனக்கே தெரிந்த பிழை மாமிக்குத் தெரியாமலிருக்குமா? அவர் வாய் திறந்தது. சொல்ல வந்துவிட்டார். நான் மாமியின் காலை மிதித்தேன், பலமாக.

மிதித்திருக்கத் தேவையில்லை. மாமி என் பக்கம் திரும்பவேயில்லை. அந்தத் தாயின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் கரிபிடித்து, நகத்துக்குள் மணல். மாமியின் கையும் எப்போதும் அப்படித்தான் இருக்கும். எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது. பிறகு செம்பைத் தூக்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் மடமடவென்று குடித்தார். கண்ணில் நீர் கட்டிவிட்டது. அது குளோரினா வேறா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வெறும் செம்பை நீட்டினார்.

"இன்னொரு செம்பு தாங்க, சம்மந்தி" என்றார்.

அந்தத் தாய் செம்பை வாங்கவில்லை. அப்படியே பாயில் உட்கார்ந்து மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாமாவின் மந்திரம் நின்றது. தாய்மாமன் வட்டாவை எங்கள் பக்கம் தள்ளினார். நாள் வைத்தார்கள், நகை பேசினார்கள், மாமியின் அண்ணன் ஒரு பகிடியும் விட்டார். மாமி இரண்டாவது செம்பையும் குடித்து முடித்தார்.

அடுத்த நாள் காலை வேலிக்கு அந்தப் பக்கத்தில் கதவு அடிபடும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. போய்ப் பார்த்தேன். மாமி பாயில் சுருண்டு கிடந்தார். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, இரவு முழுக்கப் பின்பக்கத்துக்கும் பாய்க்கும் நடந்து களைத்த கோலம். தலைமாட்டில் கலா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாமாவுக்கு மட்டும் உள்ளூரச் சந்தோசம். வாழ்நாளில் ஒருமுறை தண்ணீர் பற்றிப் பேச அவருக்கும் ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருந்தது.

"மண்டூர்த் தண்ணி வேலை செய்யுது" என்றார்.

"இல்ல" என்றார் மாமி பாயிலிருந்து. "கச்சான் காத்து."

"காத்து வயித்துக்குள்ளயா பூந்தது?"

"அந்த வாழப்பழம் கனிஞ்சு போயிருந்தது."

"வாழப்பழம் நாங்களும்தானே திண்ட? ரெண்டு செம்பு குடிச்சது நீ மட்டும்தானே? தண்ணிதான்."

கலாவின் முகம் சுருங்கியது. "அம்மா, உண்மையச் சொல்லுங்க. தண்ணியாலதானே?" என்றாள். கோழி முட்டையிடாததற்கும் கடிதம் பிந்தியதற்கும் தண்ணீரைக் குற்றம் சொன்ன மனுசி, ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். குரல் இல்லை, ஆனால் கோபம் இருந்தது.

"அந்தத் தண்ணியில ஒரு குறையும் இல்ல. எண்ட புள்ள குடிக்கப்போற தண்ணி அது. இனி ஒருத்தரும் அதப்பத்தி இந்த வீட்டில வாய் திறக்கப்படா."

சொல்லி முடிப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனாள்.